பிரஷர் மாத்திரையும் ஒரு பேதி வழக்கும்

"தம்பி, அமெரிக்காவுல ஒரு பிரஷர் மாத்திரைக்கு 30 கோடி டாலர் நஷ்டஈடு குடுத்தாங்களாமே, அது நான் போடுற மாத்திரையா?"

டீக்கடை பெஞ்சில் இப்படிக் கேட்டவர் எங்கள் தெரு அண்ணன், தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கையோடு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஓல்மிசார்டான், 20 மில்லிகிராம். 'ஆமாம்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு மறுநாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டால், அது பேதியைவிடப் பெரிய ஆபத்து. அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினோம். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த மாத்திரை நம் ஊரில் பல வீடுகளில் தினமும் விழுங்கப்படுகிறது. தனியாகவும் வருகிறது, அம்லோடிபின் சேர்ந்தும் வருகிறது, உப்பு நீரைப் பிரிக்கும் மருந்து சேர்ந்தும் வருகிறது.

முதலில் மருந்தைப் பற்றி. இரத்தக் குழாய்களை இறுக வைக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிற வகையைச் சேர்ந்தது ஓல்மிசார்டான். லோசார்டான், டெல்மிசார்டான் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'பெனிகார்' என்ற பெயரில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. தயாரித்தது ஜப்பானின் சாங்கியோ. பிறகு இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து டாய்ச்சி சாங்கியோ ஆனது. மருந்து நன்றாகவே பிரஷரைக் குறைத்தது. பின்னால் வழக்குப் போட்ட ஆயிரக்கணக்கானவர்களில் பிரஷர் இறங்கவில்லை என்பதற்காக நீதிமன்றம் போனவர்கள் இல்லை. அவர்கள் சொன்னது வேறு.

அதைப் புரிந்துகொள்ள மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குப் போக வேண்டும். அங்குள்ள மாயோ மருத்துவமனைக்கு, தீராத வயிற்றுப்போக்கோடு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். 2008 முதல் 2011 வரை அப்படி வந்தவர்களில் சிலருக்கு ஒரு விசித்திரம் இருந்தது. சிறுகுடலில் எண்டோஸ்கோப்பி விட்டு, துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் செலியாக் நோய் போலவே தெரிந்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் வருகிற நோய் அது. ஆனால் அந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லை. கோதுமையை அறவே விட்டும் பேதி நிற்கவில்லை.

குடலுக்குள் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் இல்லை. குடலுறிஞ்சிகள் என்ற மிக நுண்ணிய விரல்கள் நாற்று நட்ட வயல்போல அதில் நெருங்கி நிற்கும். சாப்பிட்ட சோற்றின் சத்து இந்த விரல்கள் வழியாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. இவை தேய்ந்து, தட்டையாகிப் போனால் என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. தண்ணீராகப் போகும், எடை சரியும், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் தள்ளாடும். மாயோ மருத்துவர்கள் பார்த்த இப்படிப்பட்ட 22 நோயாளிகள் பெரும்பாலும் எழுபது வயதை ஒட்டியவர்கள். அவர்கள் இழந்த எடையின் இடைநிலை அளவு 18 கிலோ. ஒருவர் 57 கிலோ இழந்திருந்தார். 22 பேரில் 14 பேர் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தவர்கள்.

இந்த 22 பேருக்கும் பொதுவாக இருந்தது ஓல்மிசார்டான் மாத்திரை. அதை நிறுத்தினார்கள். 22 பேருக்கும் பேதி குறைந்தது, எடை ஏறியது. திரும்பவும் துணுக்கு எடுத்துப் பார்க்கப்பட்ட 18 பேரில் 17 பேருக்குக் குடலுறிஞ்சிகள் மறுபடி எழுந்து நின்றன. ஜோசப் மர்ரே, ஆல்பர்டோ ரூபியோ-டாபியா உள்ளிட்ட மருத்துவர்கள் இதை 2012இல் மாயோ மருத்துவமனையின் இதழில் எழுதினார்கள்.

அண்ணன் இங்கே குறுக்கிட்டார். "மாத்திரை போட்டதும் பேதி வந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே தம்பி? இத்தனை வருஷமா எவனுக்கும் தெரியாம எப்படி?"

நல்ல கேள்வி. மாத்திரை போட்ட மறுநாள் வயிறு கலங்கினால் யாரும் சந்தேகப்படுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. அந்த 22 பேருக்கும் மாத்திரை தொடங்கிப் பேதி வருவதற்குச் சராசரியாக மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஏழு ஆண்டு. மூன்று ஆண்டு சாதுவாக உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிற மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்? நோயாளியே 'என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க' என்ற கேள்விக்கு அதைச் சொல்ல மறந்துவிடுவார். பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தவர் இதய மருத்துவர்; பேதியைப் பார்ப்பவர் குடல் மருத்துவர். இருவரும் ஒரே நோயாளியின் இரண்டு தனித்தனி உறுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோய் பிடிபடாமல் போனதற்கு எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம் இதுதான். இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு தரப்பு செய்திகளும் வந்து சேருகிற இடம் ஒன்று உண்டு. அது மருந்து நிறுவனம். தன் மருந்தைப் பற்றிய புகார்களைப் பெற்று, பதிந்து, அரசுக்குச் சொல்ல வேண்டிய சட்டக் கடமை அதற்கு இருக்கிறது. வழக்கு அங்கேதான் முளைக்கிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 ஜூலை 3 அன்று ஓல்மிசார்டானின் விவரக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்க வைத்தது. தொடங்கி மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கடும் பேதியும் எடை இழப்பும் வரலாம்; வேறு காரணம் தெரியாவிட்டால் மருந்தை நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த முடிவுக்கு நிர்வாகம் தன் புகார்ப் பதிவேட்டில் கண்டெடுத்தவை 23 கடுமையான நிகழ்வுகள். எல்லோரும் மருந்தை நிறுத்தியதும் தேறியவர்கள். அவர்களில் 10 பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்க, பேதியும் மறுபடி வந்தது. நிறுத்தினால் போகிறது, தொடங்கினால் வருகிறது என்பதைவிட வலுவான சான்று ஒரு தனி நோயாளியிடம் கிடைப்பது அரிது. இதே வகையைச் சேர்ந்த மற்ற மருந்துகளில் இப்படியொரு அடையாளம் தெரியவில்லை என்றும் அந்த நிர்வாகம் சொன்னது.

எண்ணிக்கையைக் கவனியுங்கள். 22 நோயாளிகள், 23 புகார்கள். லட்சக்கணக்கானவர்கள் விழுங்கும் மருந்தின் குறிப்பை மாற்றியவற்றில் முக்கியமானவை இவை. யாரோ ஒரு மருத்துவரோ நோயாளியோ நேரம் ஒதுக்கி எழுதி அனுப்பிய காகிதங்கள் அவை.

நிறுவனத்துக்கும் ஒரு தரப்பு நியாயம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் 4,447 பேரை வைத்து 'ரோட்மேப்' என்ற பெரிய ஆய்வு நடந்திருந்தது. பாதிப் பேருக்கு ஓல்மிசார்டான், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, மூன்று ஆண்டுகளுக்கு மேல். மாயோ கட்டுரை வந்ததும் அந்த ஆய்வாளர்கள் தங்கள் தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரு பக்கமும் பேதியில் வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். கேட்பதற்கு முடிவான பதில்போல இருக்கும். ஆனால் பிரான்சின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து சுமார் 45 லட்சம் பேரை எடுத்து நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. சத்து உறிஞ்சாத குடல் நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், ஓல்மிசார்டான் எடுத்தவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 5.6 பேர், வேறு வகை பிரஷர் மருந்து எடுத்தவர்களில் 2 பேர். முதல் ஆண்டில் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் ஆபத்து பத்து மடங்குக்கும் மேலே போனது.

இப்போது கணக்குப் போடுங்கள். லட்சத்துக்கு ஐந்தாறு பேருக்கு வருகிற நோயை, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் மூன்று ஆண்டு மருந்து எடுத்த ஆய்வில் தேடினால் ஒருவர்கூடச் சிக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆய்வில் தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அரிய பக்கவிளைவைப் பற்றிய எல்லா வழக்குகளிலும் இந்த முடிச்சு வந்தே தீரும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வழக்கு புரிந்த மாதிரி.

பிரெஞ்சு அரசு என்ன செய்தது தெரியுமா? நீதிமன்றத்துக்குக் காத்திருக்கவில்லை. மாற்று மருந்துகள் நிறைய இருக்கும்போது இதற்கு ஏன் மக்கள் பணம் என்று கணக்குப் பார்த்து, 2017 ஜனவரி முதல் ஓல்மிசார்டானுக்குக் காப்பீட்டுப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. பேதி வந்தவர் வக்கீல் தேடி அலையாமல், வராமலே தடுக்கிற வழி இது.

அமெரிக்கா போனது வழக்கு வழியில். அங்கே இப்படிப்பட்ட வழக்கின் மையக் கேள்வி 'மருந்து கெடுதல் செய்ததா' என்பதோடு நிற்பதில்லை. எல்லா மருந்தும் யாருக்காவது கெடுதல் செய்யும். சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. கேட்கப்படுவது: நிறுவனத்துக்கு ஆபத்து தெரிந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்ததும் எச்சரித்ததா? இதற்கு மேலே அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு படி இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காத மருந்துக்கு, நிறுவனம் எச்சரிக்க வேண்டியது நோயாளியை இல்லை, மருத்துவரை. ஆகவே நோயாளியின் வக்கீல், 'எச்சரிக்கை இருந்திருந்தால் என் மருத்துவர் வேறு மாத்திரை எழுதியிருப்பார், அல்லது பேதி வந்ததுமே நிறுத்தியிருப்பார்' என்பதையும் நிறுவ வேண்டும். மருத்துவர் சாட்சிக் கூண்டில் 'தெரிந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்' என்று சொல்லிவிட்டால் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

அந்த மருத்துவர்களிடம் நிறுவனம் எப்படிப் பேசியது என்பதைக் காட்டுகிற ஒரு தனிச் செய்தி உண்டு. முன்னாள் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் தொடுத்த வேறொரு வழக்கை முடித்துக்கொள்ள, டாய்ச்சி சாங்கியோ 2015 ஜனவரியில் அமெரிக்க அரசுக்கும் மாநிலங்களுக்கும் 3.9 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. பெனிகார் உள்ளிட்ட மருந்துகளை எழுதுவதற்காக மருத்துவர்களுக்குச் சொற்பொழிவுக் கட்டணம் என்ற பெயரில் பணம் கொடுத்தார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. விருந்து மேசையில் மருத்துவர்கள் முறை வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் 'பேசினார்கள்'. சிலர் சொந்த கிளினிக்கில் தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் பேசினார்கள். சில விருந்துகளின் செலவு, ஒரு ஆளுக்கு 140 டாலர் என்று நிறுவனமே போட்டிருந்த வரம்பைத் தாண்டியது என்று நீதித் துறை சொன்னது. பேதி வழக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மருந்தின் நல்லதைச் சொல்ல இத்தனை மேசைகள் போட முடிந்த ஒரு நிறுவனம், அதன் கெட்டதைச் சொல்ல அரசின் உத்தரவு வரும் வரை காத்திருந்தது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வழக்குகள் குவிந்தன. 2015 ஏப்ரலில், பல மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிடந்தவற்றை நியூஜெர்சியின் கேம்டன் நகரில் நீதிபதி ராபர்ட் கூக்லர் முன்னால் சேர்த்தார்கள். இதைப் பலரும் ஒரே கூட்டு வழக்கு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனிதான். நிறுவனத்தின் உள் கடிதங்களைக் கேட்டு வாங்குவது, நிபுணர்களை விசாரிப்பது போன்ற பொது வேலைகளை மட்டும் ஒரே நீதிபதி ஒரே தடவையில் முடிப்பார். பிறகு சில மாதிரி வழக்குகளை விசாரணைக்கு எடுப்பார்கள். அவற்றின் போக்கைப் பார்த்து இரு தரப்பும் பேரத்துக்கு உட்காரும்.

இங்கே பேரம் முந்திக்கொண்டது. 2017 ஆகஸ்ட் 1 அன்று டாய்ச்சி சாங்கியோ 30 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது. சுமார் 2,300 பேரின் கோரிக்கைகளுக்கு. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. 95 விழுக்காட்டினராவது இந்த ஏற்பாட்டில் சேர வேண்டும் என்பது நிபந்தனை.

"அப்போ ஆளுக்குப் பத்துப் பன்னெண்டு கோடி ரூபாய் கிடைச்சிருக்குமா?" என்றார் அண்ணன்.

இல்லை. வகுத்துப் பார்த்தால் சராசரி 1,30,000 டாலர் வரும். அன்றைய மதிப்பில் எண்பது லட்ச ரூபாயை ஒட்டி. அதுவும் சமமாகப் பிரிவதில்லை. எத்தனை நாள் மருத்துவமனையில் கிடந்தார், குடல் துணுக்குப் பரிசோதனை இருக்கிறதா, எவ்வளவு காலம் மாத்திரை சாப்பிட்டார் என்றெல்லாம் பார்ப்பார்கள். அங்கே இத்தகைய வழக்குகளை வக்கீல்கள் முன்பணம் வாங்காமல், கிடைப்பதில் பங்கு என்ற ஏற்பாட்டில்தான் நடத்துவார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணம். சிகிச்சைக்குப் பணம் கட்டிய காப்பீட்டாரும் தன் பங்கைத் திரும்பக் கேட்பார். மீதிதான் பதினெட்டுக் கிலோ இளைத்தவருக்கு.

இன்னொரு வாசலும் அங்கே மூடிக் கிடக்கிறது. பெரிய நிறுவனத்தின் பெயர் போட்ட மருந்தைச் சாப்பிட்டவருக்குத்தான் இந்த வழி. அதே மருந்தை ஜெனரிக்காக வாங்கிச் சாப்பிட்டவர், எச்சரிக்கை போதவில்லை என்று சொல்லி ஜெனரிக் தயாரிப்பாளர்மீது வழக்குப் போட முடியாது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் வயிற்று மருந்து பற்றியதுதான். வாந்திக்கும் மந்தமான இரைப்பைக்கும் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடை நீண்ட காலம் சாப்பிட்டு, முகமும் நாக்கும் தானாக இழுத்துக்கொள்ளும் தீராத நோய் வந்த இரண்டு பெண்கள் தொடுத்தது. ஜெனரிக் மருந்தின் குறிப்பு மூல மருந்தின் குறிப்போடு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. அதனால் கூடுதலாக எச்சரிக்கவில்லை என்று அந்த நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் தர்க்கம். மருந்துக் கடையில் எந்தப் பெட்டியை எடுத்து நீட்டினார்கள் என்பதை வைத்து ஒருவருடைய நியாயம் தீர்மானமாகிறது. இது அநியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

இப்போது எல்லோர் வாயிலும் அடிபடும் எடை குறைக்கும் ஊசிகளுக்கு வருவோம். ஓசெம்பிக், வெகோவி, மவுஞ்சாரோ. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பசி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். சிலருக்கு இரைப்பை கிட்டத்தட்ட அசைவற்றுப்போய், நேற்றுச் சாப்பிட்டதை இன்று வாந்தி எடுக்கும் நிலை வந்தது என்று 2023 ஆகஸ்டில் லூசியானாவில் வழக்கு தொடங்கியது. 2024 பிப்ரவரியில் இந்த வழக்குகளும் பென்சில்வேனியாவில் ஒரே நீதிமன்றத்தில் சேர்க்கப்பட்டன. அங்கேயும் கேள்வி அதேதான்: குமட்டல், வாந்தி வரும் என்று குறிப்பில் இருந்தது, இவ்வளவு கடுமையாக, இவ்வளவு நீண்டு வரும் என்று சொன்னார்களா?

2025 ஆகஸ்டில் நீதிபதி கேரன் மார்ஸ்டன் ஒரு முக்கியமான உத்தரவு போட்டார். இரைப்பை செயலிழந்தது என்று வழக்காடுகிறவர், இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று அளக்கும் பரிசோதனையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். அறிகுறிகளை மட்டும் வைத்து மருத்துவர் சொன்னது போதாது என்றார். அந்தப் பரிசோதனை எளிமையானது. முட்டையின் வெள்ளைக் கருவில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து வேகவைத்து, இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம், அரை டம்ளர் தண்ணீரோடு வெறும் வயிற்றில் சாப்பிடக் கொடுப்பார்கள். சாப்பிட்டதும் ஒரு படம். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரத்தில் படங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உணவு இரைப்பையில் தங்கியிருந்தால் இயல்பு இல்லை. வாந்தியில் துவண்டு அவசரப் பிரிவில் படுத்திருந்தபோது இந்தப் பரிசோதனை யாருக்கு நினைவு வரும்? ஊசியை நிறுத்திப் பல மாதம் கழித்து எடுத்தால், தேறிவிட்ட இரைப்பை இயல்பாகவே காட்டலாம். துன்பம் உண்மையாக இருந்தும் காகிதம் இல்லாததால் தோற்கிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இந்த ஊசிகள் நமக்கும் தூரமில்லை. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவி, ஓசெம்பிக் இரண்டிலும் உள்ள செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு யாரும் தயாரிக்கலாம், விலை இறங்கும், ஊசி இன்னும் பல கைகளுக்குப் போகும்.

"இதெல்லாம் அங்க. இங்க எனக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அண்ணனின் இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆனது. இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் விளைந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. போதிய எச்சரிக்கை தராததும் அந்தப் பொறுப்புக்கு ஒரு காரணம். மாத்திரை விலை சிறியது என்பதால் புகார் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும், கட்டணமும் பெரிதில்லை. கெடு இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். மூன்று ஆண்டு கழித்து வருகிற பேதிக்கு இந்தக் கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதே ஒரு வாதமாகும்.

ஆனால் அதே சட்டத்தின் 87ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய பொருள் என்றால், நிபுணருக்குத் தகுந்த முறையில் எச்சரிக்கையைச் சேர்த்துவிட்ட தயாரிப்பாளர் பொறுப்பாக மாட்டார். அமெரிக்காவில் பார்த்த அதே படிதான். மருத்துவருக்குச் சொன்னால் போதும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் உங்களுக்குச் சொன்னாரா என்பது அவருக்கும் உங்களுக்கும் இடையில்.

மருந்தோடு வரும் குறிப்பாவது கைக்கு வருகிறதா? மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கத்தரியால் வெட்டித் தருகிறார்கள். குறிப்புத் தாள் பெட்டியோடு கடையிலேயே நின்றுவிடுகிறது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் வேறொருவர் வீட்டுக்குப் போகிறது. பில் கேட்டால் 'நாலு மாத்திரைக்கு பில்லா' என்கிறார்கள். நாளைக்கு எந்த நிறுவனத்தின் மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டேன் என்று நிறுவ வேண்டிய கட்டாயம் வந்தால் கையில் என்ன இருக்கும்? அமெரிக்க நோயாளிக்குக் கணினியில் கிடைத்த பத்து ஆண்டு மருந்துப் பட்டியல் இங்கே பெரும்பாலோருக்கு மஞ்சள் பைக்குள் கசங்கிய நாலு சீட்டுகள்தான்.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் இங்கே ஒரு தனிச் சிக்கல். அரிசிச் சோறு சாப்பிடுகிற நம் ஊரில் நாள்பட்ட பேதியோடு வருகிறவரைப் பார்த்து மருத்துவர் முதலில் செலியாக் நோயை நினைக்க மாட்டார். குடல் காசநோயை நினைப்பார், அமீபாவை நினைப்பார், ஸ்ப்ரூவை நினைப்பார். குடலுறிஞ்சிகள் தேய்ந்து சத்து ஒட்டாமல் போகிற வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும் பங்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் உழைப்பு. 1960களில் வட ஆர்க்காடு கிராமங்களில் அது கூட்டங்கூட்டமாகப் பரவியபோது டாக்டர் பேக்கரும் டாக்டர் மாத்தனும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். அந்த அறிவு நமக்குச் சொத்து. ஆனால் பேதிக்குக் காரணம் தேடும்போது மாத்திரைப் பட்டியலையும் மேசைமேல் வைக்காவிட்டால், ஓல்மிசார்டான் செய்த வேலைக்குக் காசநோய் மாத்திரை ஆறு மாதம் விழுங்க நேரிடும்.

"அப்போ நான் இதை நிறுத்திடவா?"

நிறுத்தாதீர்கள் அண்ணே. வயிறு நன்றாக இருக்கிறது, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்றால் அந்த மாத்திரை அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. லட்சத்தில் ஐந்தாறு பேருக்கு வருவதை நினைத்து நிறுத்தினால், பக்கவாதம் அதைவிட மிக அருகில் நிற்கிறது. வாரக்கணக்கில் தண்ணீராகப் பேதி போய், வேட்டி இடுப்பில் தளர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் போய், 'ஓல்மிசார்டான் சாப்பிடுறேன், அதனால இருக்குமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாற்றிக் கொடுக்க வேறு மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன. பேதியில் உடம்பு வறண்டிருக்கும்போது பிரஷர் மாத்திரையைத் தொடரலாமா என்பதையும் அன்றைக்கே கேளுங்கள். அது தள்ளிப்போடுகிற கேள்வி இல்லை.

வாசகர்களிடமும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். தினசரி மருந்தை முடிந்தவரை முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எண்டோஸ்கோப்பி அறிக்கை, பயாப்சி முடிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். செல்போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

அடுத்தது, மருந்தால்தான் என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்குள் புலம்பி விட்டுவிடாமல் எழுதி அனுப்புங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் வீட்டாரும் புகார் தரலாம். நிரூபணம் கேட்க மாட்டார்கள், சந்தேகமே போதும். நஷ்டஈடு அங்கே கிடைக்காது. ஆனால் அமெரிக்காவில் ஓல்மிசார்டானின் குறிப்பை மாற்றவைத்தவற்றில் இதேபோல வந்து சேர்ந்த 23 புகார்களும் உண்டு. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800 180 3024.